1911 லண்டனில் ஓர் உளவுக்கதை எழுத

அந்தக் காலத்து பிரிட்டனை வைத்து உளவுக்கதை எழுத உட்கார்ந்தால், கதாநாயகனுக்கு முன்னால் வருடத்தை முடிவு செய்யுங்கள். உளவுக்கென்று அங்கே தனி அலுவலகம் தொடங்கியதே 1909 அக்டோபரில்தான், அதுவும் ராணுவத்தின் வெர்னன் கெல், கடற்படையின் மேன்ஸ்ஃபீல்ட் கம்மிங் என்று இரண்டே அதிகாரிகளோடு. 1910இல் உங்கள் ஆள் ‘நான் எம்.ஐ.5’ என்று சொன்னால் விவரம் தெரிந்தவர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார், கெல்லின் உள்நாட்டு உளவுப் பிரிவுக்கு அந்தப் பெயர் முதல் உலகப்போரின் நடுவில்தான் வந்தது.

என்னைக் கேட்டால் 1911. ஆகஸ்டில் புது ரகசியக் காப்புச் சட்டம் வந்தாயிற்று, போர் இன்னும் வரவில்லை. துப்பாக்கியெல்லாம் வேண்டாம், பதற்றம் முழுக்கத் தபாலில் இருக்கிறது. காலிடோனியன் சாலையில் கார்ல் எர்ன்ஸ்ட் என்பவர் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். ஜெர்மனியிலிருந்து அதன் உளவாளிகளுக்குக் கட்டாக வரும் கடிதங்களுக்கு உள்ளூர்த் தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போடுவார், அவ்வளவுதான் வேலை, சம்பளம் மாதம் ஒரு பவுண்டு! கெல்லின் ஆட்களோ உள்துறை அமைச்சரின் உத்தரவை வாங்கிக்கொண்டு அவற்றைப் பிரித்துப் படித்து, மறுபடி ஒட்டி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். எர்ன்ஸ்டைப் பிடித்தது 1914 ஆகஸ்டில், போர் மூண்டபோது.

இதைக் காட்சியாக்கும்போது ‘அவன் பயந்தான்’ என்று எழுதாதீர்கள். சவர நுரை காயாத விரலோடு தபால்தலையை ஒட்டுகிறான், உறையில் ஈரம் பட்டு மை பரவுகிறது, நாற்காலியில் கழுத்தைச் சாய்த்திருப்பவர் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தாரா இல்லையா தெரியவில்லை. கடிதம் ஏற்கனவே பிரிக்கப்பட்டது என்பதை வாசகருக்கு மட்டும் முந்தைய அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அந்தக் காலத்துச் சில்லறைக் கணக்கு: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. கண்ணுக்குத் தெரியாத மைக்கு எலுமிச்சைச் சாறு போதும், சூடு காட்டினால் எழுத்து பழுப்பாகத் தெரியும். 1915இல் கார்ல் முல்லர் என்ற உளவாளியின் வழக்கில் எலுமிச்சம்பழமே சாட்சிப் பொருளானது.

நம் ஆட்களை உள்ளே கொண்டுவர ஆசையா? லண்டன் ஹைகேட்டில் இந்திய மாணவர்கள் தங்கிய இந்தியா ஹவுஸ் இருந்தது, வ.வே.சு. ஐயர் புழங்கிய இடம், ஸ்காட்லாந்து யார்டின் கண் அதன்மேலேயே இருந்தது. ஆனால் அதற்கு 1911 சரிப்படாது. 1909 ஜூலையில் மதன்லால் திங்ரா கர்சன் வைலி என்ற பிரிட்டிஷ் அதிகாரியைச் சுட்டார், அடுத்த வருடமே ஐயர் மாறுவேடத்தில் நழுவிப் புதுச்சேரி போய்ச் சேர்ந்துவிட்டார். கதையை இரண்டு வருடம் முந்தைய 1909க்குக் கொண்டுபோங்கள்.