எட்டுக் கிலோ மணல்: விஞ்ஞானப் புனைகதை எழுதப் புகுவோருக்கு

விஞ்ஞானப் புனைகதை எழுத விரும்பும் இளையவர்கள் எதைப் பற்றி எழுதலாம் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். எப்போது எழுதுவது என்ற கேள்வி அதற்கு முந்தியது. தமிழில் இவ்வகைக் கதைகளை மட்டும் எழுதிக் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே பார்க்கும் வேலையை விடாதீர்கள், வேலைக்குப் புறப்படும் முன் ஒரு மணி நேரத்தைக் கதைக்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். திருகோணமலையில் எழுதுவினைஞனாக இருந்துகொண்டே எழுதும் எனக்கு, வாடைக்காற்றோடு மழையும் மின்வெட்டும் சேர்ந்து வரும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் முதற்பிரதியைக் கையால் எழுதிவிட்டு, பங்குனிக்குப் பிறகு அதனைத் தட்டச்சுச் செய்துகொண்டே திருத்துவது வழக்கமாகிவிட்டது.

அடுத்து வேண்டியது ஒரு கொப்பி. வலப்பக்கத்தில் கதையை எழுதுங்கள். இடப்பக்கத்தைக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் வெறுமையாகக் கிடந்தால், நீங்கள் எழுதிக்கொண்டிருப்பது பெரும்பாலும் மாயாஜாலக் கதையாகவே இருக்கும். (மாயாஜாலக் கதை எழுதுவதில் தவறில்லை, அதற்கு வேறு பெயர் இருக்கிறது, அவ்வளவுதான்.)

கணக்கு எப்படிக் கதையாகும் என்பதற்கு நம் மாவட்டத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். புல்மோட்டைக் கடற்கரையில் கறுப்பாகப் படிந்திருக்கும் மணலில் இல்மனைற் என்ற கனிமம் இருப்பது இங்கே பலரும் அறிந்தது. அதே கனிமம் நிலவிலும் உண்டு. 1969இல் அப்பல்லோ 11 கொண்டுவந்த பாறைகளில் அது நிறையவே இருந்தது. இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த இச்சேர்வையை ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வரை சூடாக்கி அதனூடே ஐதரசன் வாயுவைச் செலுத்தினால் நீராவி வெளிவரும். அந்த நீரை மின்பகுப்புச் செய்தால், அதாவது மின்சாரம் செலுத்திப் பிரித்தால், ஒட்சிசன் மூச்சுக்கும் ஐதரசன் மீண்டும் உலைக்கும் பயன்படும். மீதிக் கணக்கை உயர்தரத்தில் இரசாயனவியல் படித்த எவரும் மூலர்த் திணிவைக் கொண்டு போட்டுவிடலாம். 152 கிராம் இல்மனைற்றிலிருந்து 16 கிராம் ஒட்சிசன் கிடைக்கும். ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.84 கிலோ ஒட்சிசன் தேவை என்பதால், அவர் ஒரு நாள் மூச்சு விடுவதற்கு 8 கிலோ இல்மனைற் வேண்டும். இரசாயனத் தாக்கம் முழுமையாக நிகழ்ந்தால்தான் இந்த அளவு போதும். நிலவின் மண்ணில் இல்மனைற் ஒரு பகுதி மட்டுமே என்பதால், வாரவேண்டிய மண்ணோ பல மடங்கு.

இந்த எட்டுக் கிலோ கைக்கு வந்துவிட்டால் கதை தானே நடக்கும். புல்மோட்டையில் மணல் பிரித்த ஒருவர் நிலவிலும் அதே தொழிலைச் செய்கிறார் என்று வையுங்கள். உறவினர் ஒருவர் அங்கே ஒரு கிழமை தங்க வருகிறார். வாசலில் நின்று வாருங்கள் என்று சொல்லும்போதே, இவருக்காக இன்னும் ஐம்பத்தாறு கிலோ என்று அந்த மனிதரின் மனம் கூட்டிப் பார்க்கிறது. வந்தவருக்குச் சோறு போடாமல் அனுப்பத் தெரியாத ஊரில் பிறந்தவர் அப்படிக் கூட்டிப் பார்ப்பது அவருக்கே வெட்கமாக இருக்கும். கதையை அந்த வெட்கத்திலிருந்து தொடங்குங்கள்; உலையைப் பற்றிய விளக்கத்துக்கு இரண்டு வாக்கியங்கள் போதும்.

கணக்கைத் தவறவிட்டு நானும் பட்டிருக்கிறேன். நிலவில் வேலை செய்யும் மகளும் இங்கிருக்கும் தாயும் தொலைபேசியில் கதைப்பதாக ஒரு காட்சியை எழுதி, பௌதிகவியல் ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். “பதில் எப்படி இவ்வளவு விரைவாக வந்தது?” என்று பென்சிலால் எழுதித் திருப்பித் தந்தார். நிலவு சராசரியாக 384,000 கிலோமீற்றர் தொலைவில் இருப்பதால் குரல் போய்ச் சேர 1.3 செக்கன், பதில் திரும்ப இன்னும் அவ்வளவு நேரம். திருத்தி எழுதியபோது, “சாப்பிட்டியா பிள்ளை?” என்று கேட்ட தாய், அந்த இரண்டரைச் செக்கன் மௌனத்தைப் பொறுக்க மாட்டாமல், “ஏன் பேசாமல் இருக்கிறாய், கோபமா?” என்று கேட்டுவிடுகிறாள், அந்த நேரம் பார்த்து, “ஓமம்மா” என்ற முதற் கேள்விக்கான பதில் வந்து விழுகிறது. காட்சி முன்னிருந்ததைவிட நன்றாக அமைந்ததற்குக் காரணம் அந்தப் பென்சில் குறிப்புத்தான். செவ்வாயில் இது நடவாது. அங்கு ஒருவழிக்கே 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும் என்பதால் உரையாடலுக்கு இடமில்லை, கடிதம்தான் எழுதலாம். ஆகவே உங்கள் பாத்திரங்கள் சண்டை பிடிக்க வேண்டுமா, கடிதம் எழுத வேண்டுமா என்று தீர்மானித்த பிறகு அவர்களைக் குடியேற்றுங்கள்.

புத்தகத்தில் கிடைக்காதவற்றை ஆட்களிடம் கேட்டறிய வேண்டும். வானில் ஓரிடத்திலேயே நிற்பதுபோலப் பூமியோடு சுற்றும் புவிநிலைச் செய்மதிகள் வழியாக உலகெங்கும் தொடர்பு கொள்ளலாம் என்று 1945இல் எழுதிய விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1956இல் நம் திருகோணமலையின் சுவாமிமலை அடிவாரக் கடலில் மூழ்கி, கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்டவர்களில் ஒருவர். வானத்தைக் கணக்கிட்டவர் கடலில் இறங்கியும் பார்த்தார். நமக்கு அந்த வசதியெல்லாம் இல்லாவிட்டாலும், படகு இயந்திரம் திருத்துபவரிடமும் கடற்றொழிலாளரிடமும் போய்ப் பேசலாம். எதிர்காலம் எப்படி இருக்கும் என்று அவர்களைக் கேட்காதீர்கள். எது அடிக்கடி பழுதாகும், பழுதானால் முதலில் எதைத் தொட்டுப் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். விண்கலத்தில் நடக்கும் பழுதுக்கும் அந்தப் பதில் பொருந்தும்.

சொற்களில் சிக்கனம் வேண்டும். செய்மதி என்று தொடங்கினால் கதை முடியும்வரை அதுவே இருக்கட்டும், இடையில் செயற்கைக்கோள் என்று மாற்றாதீர்கள். ஒரு கதைக்குப் புதிதாக இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் ஆக்கினால் வாசகர் களைத்துவிடுவார்.

முடித்ததை இருவரிடம் கொடுங்கள். ஒருவர் விஞ்ஞானம் கற்பிப்பவராகவும், மற்றவர் அதில் அக்கறையே இல்லாதவராகவும் இருக்கட்டும். முதலாமவர் பிழையைக் காட்டுவார். இரண்டாமவர் எந்தப் பக்கத்தில் வாசிப்பதை நிறுத்தினார் என்பதை மட்டும் கேட்டு, அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள். பிறகு ஒரு பிரதியை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துவிட்டு, மற்றொன்றைச் சஞ்சிகைக்கு அனுப்பி, எந்தக் கதையை எங்கே என்றைக்கு அனுப்பினீர்கள் என்பதைக் கொப்பியின் கடைசித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வர மாதக்கணக்காகலாம், வராமலும் போகலாம்; மறுநாட் காலை அடுத்த இடப்பக்கத்தில் புதுக் கணக்கைத் தொடங்குங்கள்.