செய்வேனா, செய்தேனா: நேர்காணலில் பழைய சம்பவத்தைக் கேட்கும் முறை

"பையர் (ஆர்டர் கொடுத்தவர்) ஷேடை (துணியின் நிறத்தை) ரிஜெக்ட் செய்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் யாரும் அழகாகப் பதில் சொல்லிவிடுவார்கள். "கடைசியாக எப்போது ரிஜெக்ட் ஆனது? அன்று என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு மெர்ச்சண்டைசர், அதாவது பையரிடம் பேசி ஆர்டரைக் கடைசிவரை கவனிக்கும் ஆள், எடுப்பதையே வைத்துப் பார்ப்போம்.

கேள்விகளை இணையத்தில் தேட வேண்டாம். போன சீசனில் எந்த ஆர்டர் எதனால் சிக்கியது, எது யாரால் தப்பியது என்று புரொடக்‌ஷன் மேனேஜரிடம் கேட்டால் கிடைத்துவிடும். உளவியலாளர் ஜான் ஃபிளானகன் 1954-ல் விளக்கிய முறையின் அடிப்படையும் இப்படிச் சம்பவங்களைத் திரட்டுவதுதான். 45 நிமிடத்துக்கு நான்கு கேள்விக்கு மேல் தாங்காது.

பதிலில் வினைமுற்றைக் கவனியுங்கள். "உடனே மெயில் போட்டுடுவேன்" என்றால் அது வழக்கம், சம்பவம் அல்ல. "அப்படிப் போட்ட ஒரு நாளைச் சொல்லுங்க" என்று திருப்புங்கள். "பேசி முடிச்சுட்டோம்" என்பது இன்னும் வழுக்கல். அந்த 'ஓம்'-க்குள் ஐந்து பேர் இருக்கலாம். "அதுல நீங்க யார்கிட்ட பேசினீங்க? ஷிப்மென்டுக்கு எத்தனை நாள் இருந்தது?" நிஜமாகச் செய்தவரிடம் விவரம் தானாக வரும்: "லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயம் போட்ட மாதிரித் துணி) அப்ரூவ் ஆச்சு, பல்க்ல (மொத்தமா சாயம் போட்டதுல) சிவப்பு ஏறிடுச்சு. முதல் லாட் 300 கிலோ. கட்டிங்கை நிறுத்திட்டு அன்னைக்கே துணி வெட்டி கூரியர் போட்டேன்."

யோசிக்கிறார் என்றால் 15 விநாடி சும்மா இருங்கள். நாமே உதாரணம் எடுத்துக்கொடுத்தால் அதையே பிடித்துக்கொள்வார். பழைய கம்பெனியின் விலை விவரத்தை மட்டும் தோண்டாதீர்கள். சொல்லிவிடுகிறவர் நாளை உங்களுடையதையும் சொல்வார்.

மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்பதை ஆள் வருவதற்கு முன்பே எழுதிவையுங்கள். பிரச்சினையைத் தானே பையருக்குச் சொல்லி மாற்றுத் தேதியும் கொடுத்திருந்தால் 5. மேனேஜர் சொன்ன பிறகு சரிசெய்திருந்தால் 3. டையிங்காரர் மேல் பழி போட்டதோடு நின்றால் 1. பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான்: ஆள் வெளியே போனதும் முதலாளி "பையன் நல்லா பேசுறான்" என்பார், மற்றவர்களின் பேனா தானாக 4-க்கு நகரும். எனவே தனித்தனியாக எண்ணை எழுதி முடித்த பிறகே பேச்சு. இரண்டு எண் வித்தியாசம் வந்தால், நேர்காணலுக்கு வந்தவர் சொன்ன வாக்கியத்தைக் குறிப்பிலிருந்து படித்துக்காட்டி வாதாடுங்கள்.

ஃபிரெஷராக இருந்தால் ஷேடு வேண்டாம். கல்லூரி புராஜெக்ட்டில் கூட்டாளி கைவிட்ட கதையைக் கேட்கலாம். அங்கேயும் 'ஓம்' வரும்.