டோலமைட்ஸில் ஒரு வாரம்: புதிதாக ஸ்கீ பழகுகிறவர்கள் செல்லா ரோண்டாவுக்குத் தயாராவது எப்படி?

ஆல்ப்ஸில் ஸ்கீ விடுமுறை என்றதும் ஒரு மலை, ஒரு கிராமம், காலையில் மேலே ஏறி மாலையில் கீழே இறங்குவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வடக்கு இத்தாலியின் டோலமைட்ஸில் கதை வேறு. காலையில் ஒரு பள்ளத்தாக்கில் ஸ்கீயை மாட்டிக்கொண்டால், காரையோ பேருந்தையோ தொடாமல் நான்கு பள்ளத்தாக்குகளைச் சுற்றிவிட்டு மாலையில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கலாம். செல்லா என்ற பாறைக்கோட்டையை நடுவில் வைத்துச் சுற்றும் இந்த வழிக்கு செல்லா ரோண்டா என்று பெயர். மொத்தம் சுமார் 40 கிலோமீட்டர். அதில் 26 கிலோமீட்டர் சறுக்குவது, மீதி லிஃப்ட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்கீயில் கால் வைக்கிறவர் அதே வாரத்தில் இந்த வட்டத்தை முடிக்க முயல வேண்டாம். ஏற்கெனவே ஒரு வாரமாவது பழகி, எளிதான நீலப் பாதைகளில் பயமில்லாமல் இறங்கி, நடுத்தரமான சிவப்பில் மெதுவாகவேனும் சமாளிப்பவர்களுக்கு அது முடியும். இரண்டு வகையினருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. எந்த வாரம்?

பருவம் நவம்பர் கடைசி அல்லது டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் வரை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களும், பிப்ரவரியில் கார்னிவல் விடுமுறையும் விலையிலும் கூட்டத்திலும் உச்சம். ஜனவரி 6-க்குப் பிறகு வரும் இரண்டு வாரங்கள் மலிவு, ஆனால் விரல் நுனி மரத்துப்போகும் குளிர். பழகுகிறவர்களுக்கு என் பரிந்துரை மார்ச்சின் முதல் பாதி. பகல் நீளம், வெயிலும் உண்டு. பனி இருக்குமா என்று கவலைப்படாதீர்கள். இங்கே வானம் கைவிட்டாலும் ஏறக்குறைய எல்லாப் பாதைகளிலும் செயற்கைப் பனி பொழியும் இயந்திரங்கள் நிற்கின்றன. ஓரத்துப் புல்வெளி பழுப்பாகக் கிடக்க, நடுவே வெள்ளை நாடா மட்டும் இறங்கி வருவதைப் பார்க்க வினோதமாகத்தான் இருக்கும்.

2. எந்த ஊரில் தங்குவது?

வட்டத்தின் மீது நான்கு முக்கிய ஊர்கள்: செல்வா, கொர்வாரா, அரப்பா, கனட்சேய். (செல்வா என்பது நம்மூர்ப் பையன் பெயர் மாதிரி இருந்தாலும், இங்கே அதற்குக் காடு என்று பொருள்.) அரப்பாவைச் சுற்றிச் சரிவுகள் செங்குத்து. புதியவர்களுக்கு ஆகாது. ஆல்டா பாடியா பகுதியிலுள்ள கொர்வாரா அல்லது அதை ஒட்டிய கொல்ஃபோஸ்கோதான் என் தேர்வு. இரண்டும் 1,600 மீட்டர் உயரத்தையொட்டிய ஊர்கள். கொர்வாரா, லா வில்லா, சான் கஸ்ஸியானோ மூன்றுக்கும் நடுவே மேலே பிரலொஞ்சா என்ற மேட்டுநிலம் விரிந்து கிடக்கிறது. அங்கே அகலமான, சாந்தமான நீலப் பாதைகள். விழுந்தாலும் உருண்டு எங்கும் போய்விட மாட்டீர்கள்.

அறை பதிவு செய்யும்போதே ஒரு குழப்பம் வரும். இது இத்தாலிதான், ஆனால் முதல் உலகப்போர் முடியும்வரை ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் கீழ் இருந்த நிலம். ஜெர்மனும் பேசுகிறார்கள். இத்தாலியனும் ஜெர்மனும் வருவதற்கு முன்பே இந்தப் பள்ளத்தாக்குகளில் வேரூன்றிய லதீன் (லத்தீன் அல்ல) மொழியும் உயிரோடு இருக்கிறது. எனவே ஒரே ஊருக்கு மூன்று பெயர்கள். செல்வாவும் வோல்கென்ஸ்டைனும் ஒன்று. கொல்ஃபோஸ்கோவும் கொல்ஃபுஷ்க்கும் ஒன்று. முதல் முறை வேறு வேறு ஊர் என்று நினைத்து வரைபடத்தை அரைமணி நேரம் முறைத்துப் பார்த்திருக்கிறேன். கொர்வாராவுக்கு நல்லவேளையாக எல்லா மொழியிலும் ஒரே பெயர்.

3. போய்ச் சேர்வது

ஹோட்டல்கள் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் அறை கொடுக்கும். ஆக, ஞாயிறு முதல் வெள்ளி வரை ஆறு நாள் ஸ்கீ. நான் மியூனிக்கில் இருப்பதால் பிரென்னர் கணவாய் வழியாகக் காரில் போகிறேன். (கணவாய் என்றதும் மீன் குழம்பு ஞாபகம் வருகிறவர்கள் மன்னிக்கவும், இந்தப் பதிவு முழுக்கக் கணவாய்கள்தான் வரும்.) அதே சனிக்கிழமை அதே கணவாயை நோக்கிப் பாதி ஜெர்மனியும் கிளம்பியிருக்கும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை குளிர்கால டயர் அல்லது சங்கிலி வேண்டும். ஆஸ்திரிய நெடுஞ்சாலைக் கட்டண வில்லையை (விக்னெட்) மறக்க வேண்டாம். விமானத்தில் வருபவர்களுக்கு இன்ஸ்ப்ரூக், வெரோனா, வெனிஸ் நிலையங்கள் வசதி. இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா வேண்டும், நாடு கடக்கும் இடத்தில் சோதனையும் இருக்கலாம். அதனால் கடவுச்சீட்டைப் பெட்டியின் அடியில் புதைக்காதீர்கள்.

4. எந்த பாஸ்?

லிஃப்ட்டுகளில் ஏற பாஸ் வேண்டும். ஆல்டா பாடியாவுக்கு மட்டும் செல்லும் உள்ளூர் பாஸ் ஒன்று. டோலமிட்டி சூப்பர்ஸ்கீ என்ற பெரிய பாஸ் இன்னொன்று. 1974-இல் தொடங்கிய இந்தக் கூட்டமைப்பில் இப்போது 12 பகுதிகள், 1,200 கிலோமீட்டர் பாதைகள். உச்ச பருவத்தில் ஆறு நாள் பெரிய பாஸ் 400 யூரோ அளவில் வந்துவிடும். 1,200 கிலோமீட்டர் என்று படித்ததும் கை தானாக அதை நோக்கித்தான் போகும். அடக்குங்கள். முதல்முறை வருபவர் அந்தப் பன்னிரண்டில் ஒன்றைத் தாண்டப் போவதில்லை. முதல் இரண்டு நாளுக்குக் குழந்தைகள் ஏறும் நகரும் கம்பளத்துக்கும் சின்ன லிஃப்ட்டுக்கும் மட்டும் காசு கொடுங்கள், பிறகு உள்ளூர் பாஸ் எடுங்கள். வட்டம் சுற்றுகிறவர்களுக்குப் பெரிய பாஸ்தான் வழி.

பாஸ் அட்டையை இடதுபக்கப் பையில் வையுங்கள், அதுவும் கைபேசி இல்லாத பையில். லிஃப்ட் வாயிற்கதவு தானாகப் படித்துக்கொள்ளும்.

இதோடு சட்டமும். இத்தாலியில் 2022 முதல் ஸ்கீ பாதையில் இறங்கும் ஒவ்வொருவரிடமும் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு இருக்க வேண்டும். இல்லையென்றால் பாஸ் வாங்கும்போதே நாளுக்குச் சில யூரோவுக்குச் சேர்த்துக்கொள்ளலாம். 2025 நவம்பர் முதல் ஹெல்மெட் எல்லா வயதினருக்கும் கட்டாயம்.

5. வாடகைக் கடை

இந்த வாரம் இன்பமா நரகமா என்பதை முடிவு செய்வது மலை அல்ல, பூட்ஸ். எதையும் விலை கொடுத்து வாங்காதீர்கள், எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் கடையில் அவசரப்படாதீர்கள்.

பூட்ஸைப் போட்டு நிமிர்ந்து நின்றால் கால்விரல் முன்சுவரைத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்தால் விரல் பின்வாங்க வேண்டும். குதிகால் மேலே எழும்பினால் பூட்ஸ் பெரிது. "கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்" என்று செருப்பு வாங்கும் நம் வழக்கம் இங்கே உதவாது. உள்ளே ஒரே ஒரு நீளமான காலுறை. குளிருமே என்று இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு இன்னும் குளிரும். உள்கால்சட்டையைப் பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள், அந்த மடிப்பு மாலைக்குள் தோலைக் கிழித்துவிடும்.

ஸ்கீயின் நீளம் தாடை உயரம் போதும். கடைக்காரர் எடை கேட்பார். உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் விழும்போது பூட்ஸ் ஸ்கீயிலிருந்து எந்த அழுத்தத்தில் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் திருகுவார். ஐந்து கிலோ குறைத்துச் சொல்வதில் பெருமை எதுவும் இல்லை.

6. ஞாயிறு முதல் செவ்வாய் வரை: வகுப்பு

நண்பர் சொல்லிக் கொடுப்பார் என்று நம்பி வராதீர்கள். நட்பும் கெடும், முழங்காலும் கெடும். மூன்று நாள் காலை நேரக் குழு வகுப்பு போதும்.

முதலில் சொல்லித் தருவது நிற்பது. ஸ்கீயின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பகுதியை அகட்டி, ஆப்பு மாதிரி ஆக்கினால் வேகம் குறையும். அடுத்தது திரும்புவது. இடப்புறம் திரும்ப வலக்காலில் எடை, வலப்புறம் திரும்ப இடக்காலில் எடை. திருப்பம் முடியும்போது சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கும் காலே உங்களைத் தாங்கும். பயம் வந்தால் உடம்பு பின்னால் சாயும். சாய்ந்தவுடன் ஸ்கீ உங்கள் பேச்சைக் கேட்காமல் ஓடும். பயமாக இருக்கும்போதுதான் முன்னே சாய வேண்டும் என்பதை மூளை ஏற்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

விழுந்தால் இரண்டு ஸ்கீயையும் சரிவுக்குக் குறுக்காக, உடம்புக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து பிறகு எழுங்கள். சரிவை நோக்கி நீட்டியபடி எழுந்தால் எழுந்த வேகத்தில் போய்விடுவீர்கள்.

சேர்லிஃப்ட்டில் ஏறும்போது இரண்டு கோலையும் ஒரே கையில் பிடியுங்கள். இறங்கும்போது ஸ்கீ நுனியைத் தூக்கி, நேராக எழுந்து, நிற்காமல் நகருங்கள். பின்னால் அடுத்த இருக்கை வந்துகொண்டே இருக்கும்.

7. புதன்: நீலப் பாதைகளில் ஊர்விட்டு ஊர்

இத்தாலியில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். முதல்முறை வந்தவர்களும் இன்று கொர்வாராவிலிருந்து கோண்டோலாவில் (மூடிய கூண்டு லிஃப்ட்) ஏறிப் பிரலொஞ்சா மேட்டுநிலத்தில் சுற்றலாம். இணைந்த மலைகளின் ருசி அங்கேயே கிடைத்துவிடும்.

லா வில்லா என்ற பலகையைப் பார்த்து உற்சாகமாகக் கீழே இறங்கிவிட மட்டும் வேண்டாம். அந்தப் பக்கம் உள்ளது கிரான் ரிசா. 1985 முதல் உலகக் கோப்பை ஜெயண்ட் ஸ்லாலம் பந்தயம் நடக்கும் கறுப்புப் பாதை. இறங்கத்தான் வேண்டும் என்றால் கோண்டோலாவிலேயே இறங்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

உங்களுக்குக் கீழே போகிறவருக்கே முன்னுரிமை. பின்னால் வருபவர்தான் விலக வேண்டும். பாதையின் நடுவில், மேட்டுக்கு மறைவில் நின்று செல்ஃபி எடுக்கக் கூடாது.

மதியத்துக்கு மலைக்குடில்கள் நிறைய. சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. தக்காளி பாஸ்தா, காளானோடு பொலென்டா (சோளமாவுக் களி), கீரை கனெதெர்லி உருண்டை. கனெதெர்லியில் சிலசமயம் புகையூட்டிய பன்றி இறைச்சி கலந்திருக்கும், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

8. வியாழன்: வட்டம்

இந்த நாளை வியாழன் என்று சும்மா எழுதியிருக்கிறேன். உண்மையில் வாரத்தின் நடுவில் காற்றில்லாத, தெளிவான எந்த நாளோ அதுவே வட்டத்தின் நாள். கடைசி நாளான வெள்ளிக்கு ஒத்திப்போடாதீர்கள். அன்று காற்றடித்துக் கணவாய் லிஃப்ட்டை நிறுத்தினால் அந்த வருடம் அவ்வளவுதான்.

இரண்டு திசைகள். ஆரஞ்சுப் பலகை கடிகாரச் சுற்று, பச்சைப் பலகை எதிர்ச்சுற்று. புதியவர்களுக்குப் பச்சை. ஆரஞ்சில் போனால் அரப்பாவில் போர்தா வெஸ்கோவோ என்ற உயரத்துக்கு ஏறிச் சரிவான பாதையில் இறங்க வேண்டியிருக்கும். பச்சையில் அது வராது.

கொர்வாராவிலிருந்து பச்சையில்: கொல்ஃபோஸ்கோ வழியாக கர்தெனா கணவாய் (2,121 மீட்டர்), அங்கிருந்து செல்வாவுக்கு நீண்ட இறக்கம். செல்வாவில் சாம்பினோய் கோண்டோலா. அதன் உச்சியிலிருந்து பிளான் தெ கிரால்பா வரையுள்ள சிவப்புதான் நாளின் கடினமான இடம், பொறுமையாகக் குறுக்கும் நெடுக்குமாக இறங்குங்கள். பிறகு செல்லா கணவாய், கனட்சேய்க்கு மேலேயுள்ள பெல்வெதேரே, போர்தோய் கணவாய் (2,239 மீட்டர்). அரப்பாவுக்கு இறங்கி, கம்போலோங்கோ கணவாய் (1,875 மீட்டர்) தாண்டினால் கொர்வாரா. மூன்று மாகாணங்களைக் கடந்திருப்பீர்கள்.

நேரம்தான் இங்கே எஜமான். பத்து மணிக்கு முன் புறப்பட்டிருக்க வேண்டும். மாலை 3:30-க்குள் கடைசிக் கணவாய்க்குப் போயிருக்க வேண்டும். நான் முதல்முறை சுற்றியபோது போர்தோயில் வெயில் காய்ந்துகொண்டு இரண்டாவது கோப்பை சூடான சாக்லேட் சொன்னேன். அரப்பாவுக்கு இறங்கி வந்தபோது கடைசி லிஃப்ட் ஆளில்லாமல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஹோட்டல் மலைக்கு அந்தப் பக்கம். ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு, பூட்ஸோடு டக்டக்கென்று நடந்து டாக்ஸி தேடினேன். அந்தச் சாக்லேட்டுக்கு நான் கொடுத்த மொத்த விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அதனால் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பகல் பன்னிரண்டரைக்குள் செல்லா கணவாயைத் தாண்டவில்லை என்றால் அங்கேயே திரும்புங்கள். வந்த வழியே போவதற்கும் பலகை இருக்கிறது, ஆரஞ்சு.

9. வெள்ளி: குதிரை

கால் வலிக்கும். காலையில் ஓய்வெடுத்துவிட்டு, சிவப்பில் இறங்கத் தைரியம் உள்ளவர்கள் பெரிய பாஸோடு லகட்சுவோய் போகலாம். அர்மென்தரோலாவிலிருந்து பேருந்திலோ பகிர்வு டாக்ஸியிலோ ஃபல்சரேகோ கணவாய், அங்கிருந்து கேபிள் காரில் சில நிமிடங்களில் 2,700 மீட்டருக்கு மேல். முதல் உலகப்போரில் ஆஸ்திரியர்களும் இத்தாலியர்களும் இந்தப் பாறையைக் குடைந்து ஒருவரையொருவர் வெடிவைத்துத் தகர்க்க முயன்ற மலை இது. அங்கிருந்து லிஃப்ட் கம்பமே கண்ணில் படாத பள்ளத்தாக்கில் எட்டு கிலோமீட்டருக்கு மேல் இறக்கம், ஓரத்தில் உறைந்துபோன அருவி. கடைசியில் தரை சமமாகிவிடும். அங்கே இரண்டு குதிரைகள் பின்னால் நீண்ட கயிறோடு காத்திருக்கும். சில யூரோ கொடுத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். பத்து இருபது பேர் வரிசையாகத் தேர் வடம் பிடித்த மாதிரி, ஆனால் இங்கே இழுபடுவது நாம்.

மாலை சூரியன் சாயும்போது பாறைகள் ரோஜா நிறத்துக்கு மாறும். லதீனில் அதற்கு என்ரோசதீரா என்று பெயர். அதைப் பார்த்துவிட்டு வாடகைச் சாமான்களை அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சனி காலை கடை திறக்கும்வரை காத்திருந்தால் பிரென்னரில் மாட்டிக்கொள்வீர்கள்.