அரிசோனா பாலைவனத்தில் இரவுப் பாம்புத் தேடல்: காரில் கிளம்புகிறவர்களுக்கு முதல் பாடம்

கோடையில் அரிசோனா பாலைவனத்தில் பட்டப்பகலில் பாம்பு தேடி அலைவது வீண் வேலை. தார் கொதிக்கிற நேரத்தில் அவை எலி வளையிலும் பாறை இடுக்கிலும் சுருண்டு கிடக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் இரை தேடிக் கிளம்பும். அந்த நேரத்தில் ஆளரவமற்ற சாலையில் காரை மெல்ல ஓட்டிக்கொண்டு, முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் சாலையைக் கடக்கும் பாம்புகளைப் பார்ப்பதுதான் இந்தத் தேடல். ஃபீனிக்ஸ், சாண்ட்லர், டூசான் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்கள் வார இறுதியில் கடைத்தெருவைச் சுற்றுவதற்குப் பதிலாக இதை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

இது புதிய பழக்கமும் அல்ல. சான் டியேகோவில் மின்சார நிறுவனப் பொறியாளராக இருந்த லாரன்ஸ் கிளாபர், 1920களிலேயே கலிபோர்னியாவின் பாலைவனச் சாலைகளில் இரவில் கார் ஓட்டிப் பாம்புகளைக் கணக்கெடுத்தார். அபூர்வம் என்று அதுவரை கருதப்பட்ட சில இனங்கள் தாராளமாகத் திரிகின்றன என்பது அப்போதுதான் தெரியவந்தது. பகலில் மட்டும் தேடியவர்களின் கண்ணில் அவை பட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

1. நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

இங்கே பருவமழைக் காலம் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்பது வானிலைத் துறையின் கணக்கு. அதில் ஜூலையும் ஆகஸ்டும் உச்சம். மாலையில் ஒரு மழை பெய்து, காற்றில் ஈரம் நிற்கும் இரவு கிடைத்தால் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டுக் கிளம்புங்கள். மே மாத இறுதியின் வெதுவெதுப்பான இரவுகளும் மோசமில்லை.

கடையில் கிடைக்கும் சிறிய அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். காற்றின் வெப்பத்தை விடத் தரையின் வெப்பம்தான் முக்கியம். கதவைத் திறந்து தாரை நோக்கி அதன் பொத்தானை அழுத்தினால் எண் தெரியும். தார் 80 முதல் 95 ஃபாரன்ஹீட்டுக்குள் (ஏறத்தாழ 27 முதல் 35 செல்சியஸ்) இருந்தால் நல்லது. 70க்குக் கீழே இறங்கிவிட்டால் வீடு திரும்பலாம். சூரியன் மறைந்ததிலிருந்து முதல் மூன்று மணி நேரம்தான் பொன்னான நேரம். பலத்த காற்று வீசும் இரவில் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். முழு நிலவன்று பாம்பு வெளியே வராது என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. நான் நிலவைப் பார்த்துப் பயணத்தை ஒத்திப்போடுவதில்லை.

2. சாலையைப் பகலிலேயே பார்த்துவிடுங்கள்

இருவழித் தார்ச்சாலை, இருபுறமும் திறந்த பாலைவனம், தெருவிளக்கு கிடையாது, எப்போதாவது ஒரு வண்டி. இந்த நான்கும் பொருந்தும் பத்துப் பதினைந்து மைல் நீளச் சாலை போதும். அதிலேயே போய்த் திரும்பி, மறுபடியும் போகலாம். மணல் ஓடைகள் குறுக்கிடும் இடங்களும் பாறைக் குன்றை ஒட்டிய வளைவுகளும் கூடுதல் பலன் தரும். வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்ட பழைய தாரில் பாம்பு பளிச்சென்று தெரியும். புதிதாகப் போட்ட கறுப்புத் தாரில் கண் திணறும்.

சாலையின் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. பெயர் வெளியான சாலைக்குப் பாம்பைப் பிடித்து விற்கிறவர்களும் சேர்ந்தே வருகிறார்கள். வரைபடத்தை விரித்தால் ஓர் அரை மணியில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பழங்குடி மக்களின் நிலத்தின் வழியாகப் போகும் சாலைகள் தெற்கு அரிசோனாவில் நிறைய. டூசானுக்கு மேற்கே டொஹோனோ ஓதாம் நிலம் பெரும்பரப்பு. அங்கே அனுமதி இல்லாமல் சாலையை விட்டு இறங்கக் கூடாது. தேசியப் பூங்காச் சாலைகளுக்குத் தனி நேரக் கட்டுப்பாடும் விதிகளும் உண்டு. முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

3. எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஆளுக்கொரு நெற்றி விளக்கு, கூடவே ஒரு நல்ல கைவிளக்கு, கணுக்கால் மூடும் காலணி, ஒளியைத் திருப்பும் மேலங்கி, நிறையத் தண்ணீர், காற்றுள்ள மாற்றுச் சக்கரம், இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடம். முகப்புக் கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடையுங்கள். உட்புறத்தில் படிந்த மெல்லிய அழுக்குப் படலம்தான் பாதிப் பாம்புகளை மறைக்கிறது. பாம்பு பிடிக்கும் கொக்கியை முதல் ஆண்டில் வாங்கவே வேண்டாம். கையில் இருந்தால் பயன்படுத்தத் தோன்றும்.

4. ஓட்டும் விதம்

வேகம் மணிக்கு 20 முதல் 25 மைல். பின்னால் வண்டி வந்தால் ஓரம் கட்டி வழி விட்டுவிட்டுப் பிறகு தொடருங்கள். காருக்குள் இருக்கும் திரைகளின் வெளிச்சத்தைக் குறைத்து, கைபேசியைக் கவிழ்த்து வையுங்கள். ஓட்டுநர் சாலையை மட்டும் பார்க்க, பக்கத்தில் இருப்பவர் வலது ஓரத்தையும் பின்னால் இருப்பவர் எதிர்த்தடத்தையும் கவனிக்கட்டும். இரண்டு பேராவது இல்லாமல் போகாதீர்கள்.

முதல் இரவில் காய்ந்த குச்சி, கிழிந்த லாரி டயர்ப் பட்டை, கயிறு எல்லாமே பாம்பாகத் தெரியும். சாலை விரிசலை அடைக்க ஊற்றிய தார்க்கோடுகள்தான் பெரிய ஏமாற்றுக்காரர்கள். வேறுபடுத்த ஒரு வழி உண்டு. முகப்பு விளக்கு தாழ்வாக இருப்பதால், தடிமன் உள்ள எதற்கும் பின்பக்கம் ஒரு நிழல் விழும். தார்க்கோட்டுக்கு நிழல் கிடையாது. குச்சிக்கு நிழல் உண்டு, ஆனால் அதன் முனை சட்டென்று முறிந்திருக்கும். பாம்பின் உடல் வால் நோக்கிச் சீராகச் சிறுத்துக்கொண்டே போகும். ஒரு வாரம் பழகினால் மூளை இதைத் தானாகவே செய்துவிடும்.

மின்னும் கண்களைத் தேடாதீர்கள், பாம்பின் கண் அப்படி மின்னுவதில்லை. தணல் போலச் சிவந்து ஒளிர்வது சாலையில் உட்கார்ந்திருக்கும் பக்கிப் பறவை. புல்லோரத்தில் பனித்துளியாகப் பச்சை நீலத்தில் மினுங்குவது சிலந்தி. இரண்டு காலில் துள்ளிப் போவது கங்காரு எலி. விரல் நீளத்தில் வெளிறிய உடலோடு, வாலைத் தூக்கி வளைத்துக்கொண்டு நடப்பது பட்டைப் பல்லி. மழை பெய்த இரவில் இவற்றோடு தேரைகளும் கூட்டமாகச் சேர்ந்துகொள்ளும். அவற்றை மிதிக்காமல் ஓட்டுவதே தனி வேலை.

கறுப்பு மாடுகளையும் மறந்துவிடாதீர்கள். வேலி இல்லாத மேய்ச்சல் நிலங்களில் அவை நடுச்சாலையில் நின்றுகொண்டிருக்கும்.

5. பாம்பைக் கண்டதும்

கண்டவுடன் அழுத்திப் பிரேக் போடாதீர்கள், சக்கரத்தை வெட்டித் திருப்பாதீர்கள். பின்கண்ணாடியைப் பார்த்து, மெல்ல வேகம் குறைத்து, முழு வண்டியும் சாலையை விட்டு இறங்கும்படி நிறுத்தி எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள். கதவைத் திறந்ததும் முதலில் உங்கள் காலடியைப் பாருங்கள். ஒருவர் பாம்பைப் பார்க்கும்போது இன்னொருவர் இருபுறமும் வண்டி வருகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். தூரத்தில் வெளிச்சம் தெரிந்தால் பாம்பை விட்டுவிட்டு ஓரத்துக்கு வந்துவிடுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் விஷத்தை விட அடுத்த வண்டிதான் அபாயம்.

எந்தப் பாம்பாக இருந்தாலும் இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். அரிசோனாவில் விஷமுள்ள கிலுகிலுப்பைப் பாம்புகள் (ராட்டில்ஸ்நேக்) 13 வகை உண்டு, அமெரிக்காவின் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. முக்கோணத் தலையை வைத்து அடையாளம் காண முயலாதீர்கள். நம்மூர்ச் சாரை அளவுக்கு வளரும், விஷமில்லாத கோபர் பாம்பு, மிரண்டால் தலையைத் தட்டையாக்கிச் சீறி, வாலைப் படபடவென்று அடித்து நன்றாகவே நடிக்கும். வாலைப் பாருங்கள். கோபர் பாம்பின் வால் கூராக முடியும். கிலுகிலுப்பைப் பாம்பின் வால் மொட்டையாக, வளையங்கள் அடுக்கிய கிலுகிலுப்பையோடு முடியும். குட்டிக்கு ஒரே ஒரு பொத்தான் அளவுதான் இருக்கும், ஓசையும் எழாது. சிவப்பு, கறுப்பு, வெளிர் பட்டைகள் மாறி மாறி வரும் சிறிய பாம்பு விஷமுள்ள பவளப் பாம்பாகவும் இருக்கலாம், அதைப் போலத் தோன்றும் சாதுவாகவும் இருக்கலாம். தொடாதவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

இரண்டு மூன்று படம் போதும். பிறகு விளக்கைத் தாழ்த்தி, அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே போக விடுங்கள். வந்த பக்கம் விரட்டினால் மறுபடியும் சாலைக்கே வரும்.

செத்த பாம்பும் நிறையக் கிடைக்கும். 1980களின் இறுதியில் தொடங்கி, தெற்கு அரிசோனாவில் ஆர்கன் பைப் பகுதியின் 85ஆம் எண் நெடுஞ்சாலையில் நான்கு ஆண்டுகள் நடந்த ஆய்வில், கண்ட பாம்புகளில் பெரும்பகுதி நசுங்கியவையே. செத்த கிலுகிலுப்பைப் பாம்பின் தலையைக் கையால் எடுக்காதீர்கள், துண்டித்த தலையும் கடிக்கும்.

6. கடித்துவிட்டால்

911ஐ அழையுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தை உடனே கழற்றுங்கள், வீக்கம் ஏறினால் கழற்ற முடியாது. கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பனிக்கட்டி வைப்பது எதுவும் வேண்டாம். விஷமுறிவு மருந்து மருத்துவமனையில்தான் இருக்கிறது. ஆலோசனைக்கு விஷ உதவி எண் 1-800-222-1222.

7. போலீஸ், மழை, சட்டம்

நள்ளிரவில் ஊர்ந்து போகும் காரை போலீஸ் நிறுத்தும், மெக்சிகோ எல்லைப் பக்கம் எல்லைக் காவல் படையும் நிறுத்தும். பாம்பு பார்க்க வந்தோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள், அவர்களுக்கு இது பழகிய பதில்தான். விசாவில் இருப்பவர்கள் கடவுச்சீட்டையும் தங்கும் உரிமைக்கான ஆவணங்களையும் கையோடு வைத்திருங்கள்.

ஓடையில் வெள்ளம் புரண்டால் காரை இறக்காதீர்கள். தடுப்பைத் தாண்டிப் போய் மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவை உங்கள் தலையில் கட்ட இங்கே சட்டமே இருக்கிறது. மக்கள் அதை முட்டாள் ஓட்டுநர் சட்டம் என்றே அழைக்கிறார்கள்.

பாம்பைப் பிடிப்பதற்கு மாநில வேட்டை உரிமம் தேவை. சில இனங்களை உரிமம் இருந்தாலும் தொடக் கூடாது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அங்கேயும் இப்படிக் கிளம்பலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: காட்டுச் சாலைகளில் வேண்டாம். முதுமலை–பந்திப்பூர் சாலையிலும் திம்பம் மலைப்பாதையிலும் இரவுப் போக்குவரத்துக்கே கட்டுப்பாடு உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் பாம்புகளைக் காக்கிறது.

8. எழுதி வையுங்கள்

நேரம், தார் வெப்பம், காற்று, இனம், உயிரோடா செத்ததா என்று ஒவ்வொரு பாம்புக்கும் ஒரு வரி. ஒன்றும் கிடைக்காத இரவுக்கும் ஒரு வரி எழுதுங்கள். உங்கள் சாலையில் எந்த வெப்பத்தில் பாம்பு நடமாட்டம் நிற்கிறது என்பதை அந்த வெறும் இரவுகள்தான் காட்டும். படங்களை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் இனத்தை உறுதிசெய்ய ஆள் கிடைப்பார்கள். ஏற்றும்போது இடத்தை மங்கலாக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள்.