அரங்கம் காலியாக எத்தனை நிமிடம்? கட்டும் முன்பே கணினியில் பாருங்கள்

முதலில் கையால் ஒரு கணக்கு. பிரிட்டனின் விளையாட்டு அரங்கப் பாதுகாப்பு வழிகாட்டியான கிரீன் கைடு படி, ஒரு மீட்டர் அகலப் படிக்கட்டில் நிமிடத்துக்கு 66 பேர், சமதளத்தில் 82 பேர். வெளியேற அதிகபட்சம் 8 நிமிடம். ஆக 5,000 பேர் உட்காரும் பகுதிக்குப் படிக்கட்டுகளின் மொத்த அகலம் 9.5 மீட்டராவது வேண்டும்.

பிறகு அரங்கத்தின் முப்பரிமாண மாதிரியை, கூட்டம் நகர்வதைக் கணினியில் நடத்திக் காட்டும் சிமுலேஷன் மென்பொருளில் ஏற்றுங்கள். கைப்பிடி, குப்பைத்தொட்டி, வெளிப்பக்கம் திறந்து நிற்கும் கதவு எல்லாம் அதில் இருக்கட்டும். பல மாதிரிகள் பொய் சொல்வது இவற்றை விட்டுவிடுவதால்தான். எல்லோருக்கும் ஒரே நடைவேகம் கொடுக்காதீர்கள். குழந்தை, முதியவர், சக்கர நாற்காலி என்று பிரியுங்கள். ஒரு வாயிலை மூடியும் சிமுலேஷனை ஓட்டிப் பாருங்கள். சராசரியை விடுங்கள், காலியாக அதிக நேரம் எடுத்த சிமுலேஷன்தான் முக்கியம். நெரிசல் பெரும்பாலும் படிக்கட்டு வந்து நடைபாதையில் சேரும் முனையில் தேங்கும். அதை விட்டுவிட்டு வெளிவாயிலை அகலப்படுத்திப் பயனில்லை.