முகப்புள்ளி வர நேரமாகிறதா? நேரம் போவது வேறு இடத்தில்

வெப்கேம் வீடியோவில் முகப்புள்ளி (கண், மூக்கு, உதடு, தாடை இருக்கும் இடத்தைக் குறிக்கும் புள்ளிகள்) பிடிக்க டிலிப் (dlib) என்ற நிரல் நூலகத்தை எடுக்கும் புதியவர்கள் அநேகமாக ஒரே புகாரோடு வருகிறார்கள்: "வீடியோ திக்கித் திக்கி ஓடுது, 68 புள்ளி மாடல் ரொம்ப ஸ்லோ." அடுத்த வேலையாக 5 புள்ளி மாடலுக்கு மாறுகிறார்கள். உதடும் தாடையும் போய்விடுகின்றன. வேகம் ஏறக்குறைய அதேதான்.

மாடல் மேல் குற்றமில்லை. அதன் அடிப்படை, கசேமியும் சல்லிவனும் 2014இல் வெளியிட்ட முறை. முகம் இருக்கும் கட்டத்தைக் கொடுத்துவிட்டால் ஒரு மில்லிநொடி அளவில் புள்ளிகளை வைத்துவிடும். நேரத்தைத் தின்பது அதற்கு முந்தைய படி, முகம் எங்கே என்று டிடெக்டர் தேடுவது. இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். கேமராவிலிருந்து படம் வாங்கும் வரியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நொடிக்கு 30 ஃபிரேம் (படம்) எடுக்கும் கேமரா அடுத்த படத்துக்காக 33 மில்லிநொடி வரை நிறுத்தி வைக்கும்.

டிடெக்டருக்குள் போகும் அந்த '1'

மாதிரி நிரலில் டிடெக்டரை அழைக்கும்போது படத்துக்குப் பக்கத்தில் 1 என்று ஓர் எண் இருக்கும். எல்லோரும் அதை அப்படியே நகலெடுக்கிறார்கள். இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். அந்த 1, தேடுவதற்கு முன் படத்தை இரு மடங்கு பெரிதாக்கச் சொல்கிறது. 1280×720 படம் 2560×1440 ஆகிறது; 9 லட்சம் பிக்சல் 36 லட்சத்தைத் தாண்டுகிறது. பிறகு டிடெக்டர் அதை 5/6 பங்காகச் சுருக்கிச் சுருக்கி ஒவ்வொரு அளவிலும் தேடும். பிக்சல் கணக்கில் மொத்த வேலை மூலப் படத்தைப் போல சுமார் 13 மடங்கு.

சிறிய முகங்கள் நிறைந்த குழுப் படத்துக்கு அந்த 1 தேவை. இந்த டிடெக்டர் சுமார் 80×80 பிக்சலுக்குக் குறைந்த முகத்தைப் பார்க்காது. கணினி முன் உட்கார்ந்திருப்பவரின் முகமோ 200 பிக்சலுக்குக் குறையாது. அங்கே படத்தைப் பெரிதாக்க என்ன அவசியம்? பாதியாகச் சுருக்கினாலே முகம் 100 பிக்சல் இருக்கும். எண்ணை 0 ஆக்கி, 640×360 படத்தில் தேடுங்கள். பிக்சல் கணக்கில் பதினாறில் ஒரு பங்கு வேலை.

இதைச் செய்தவர்கள் அடுத்த குழியில் விழுகிறார்கள். சுருக்கிய படத்திலேயே புள்ளியையும் வைத்து, வந்த எண்களை 2ஆல் பெருக்குகிறார்கள். டிலிப் புள்ளிகளை முழு எண்ணாகத்தான் தரும். பெருக்கினால் ஒவ்வொரு புள்ளியும் 2 பிக்சல் தாவும். கண் திறப்பு 8 பிக்சல்தான் என்றால் ஒரு தாவலே கால் பங்கு. 36 முதல் 47 வரையுள்ள கண் புள்ளிகளை வைத்து இமைப்பு எண்ணுகிறவருக்குக் கணக்கு நிச்சயம் பிசகும். பெருக்க வேண்டியது கட்டத்தின் நான்கு எண்களை. அந்தக் கட்டத்தோடு முழு அளவுப் படத்தில் புள்ளி வையுங்கள். இங்கே நேரச் செலவு ஏறாது, படம் பெரிதாக இருப்பதால் இந்தப் படி மெதுவாவதில்லை.

வேகமான வேறு டிடெக்டரைப் பொருத்துவது

68 புள்ளி மாடல் டிலிப்பின் ஹாக் (HOG) டிடெக்டர், அதாவது இதுவரை பேசிய டிடெக்டர், தரும் கட்டத்துக்குப் பழகியது. ஹார் கேஸ்கேட் (Haar cascade) என்ற வேறு வகை டிடெக்டரின் கட்டம் வேறு அளவில், வேறு இடத்தில் உட்காரும். தாடைக்கோடு கழுத்துக்கு இறங்கும். டிலிப்பின் சொந்த சிஎன்என் (நரம்பு வலை) டிடெக்டரோடும் இந்த மாடல் அவ்வளவு ஒத்துப்போகாது. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், புது டிடெக்டரின் கட்டங்களைக் கொண்டே புள்ளி மாடலை மறுபடி பயிற்றுவியுங்கள்.

மாடலை லூப்புக்குள் ஏற்றுவது

கோப்பு ஏறக்குறைய 100 எம்பி. ஒரு முறை ஏற்றினால் போதும்.

டீபக் பில்டில் வேகம் பார்ப்பது

டீபக் பில்டு பிழை தேடுவதற்கானது, மெதுவாகத்தான் ஓடும். ரிலீஸில் பில்டு செய்து, ஏவிஎக்ஸ் (AVX, பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் பிராசசர் வசதி) ஆன் செய்த பிறகு பேசலாம்.

ஃபிரேம் தாண்டுவதில் பேராசை

இரண்டு மூன்று ஃபிரேமுக்கு ஒருமுறை முகம் தேடி, இடையில் பழைய கட்டத்திலேயே புள்ளி வைப்பது நல்ல வழி. பத்துக்கு ஒருமுறை என்று நீட்டினால், தலை திரும்பியதும் கட்டம் காதருகே நிற்கும். ஆள் எழுந்து போனாலும் மாடல் பின்னால் உள்ள சுவரில் 68 புள்ளி வைத்துவிட்டுத்தான் திரும்பும். முகம் இல்லை என்று சொல்ல அதற்குத் தெரியாது. தேடலில் முகம் சிக்காத அந்த நொடியே பழைய கட்டத்தை அழித்துவிடுங்கள்.