வயிற்றுப்போக்குக்காரரிடம் நாம் செய்யும் தவறுகள்

சுகாதாரப் பணிக்குப் புதிதாக வருகிறவர்கள், நான் சேர்ந்த புதிதில் செய்த தவறுகளை வரிசைகூட மாறாமல் செய்கிறார்கள். கையைக் கழுவு, தண்ணீரைக் காய்ச்சு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, விட்டுவிடுகிறேன். காலரா, டைபாய்டு, சீதபேதி, காமாலை என்று பட்டியலைக் கடகடவென்று ஒப்பிக்கிறவர்களே சறுக்கும் இடங்கள் சில உண்டு.

"கரைச்சுக் குடுங்க"

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரவைப்பது இதுதான். ஓஆர்எஸ் (பேதியில் இழந்த நீரை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைத் தூள்) பாக்கெட்டைக் கையில் திணித்து "கரைச்சுக் குடுங்க" என்று அனுப்பிவிடுவது. எவ்வளவு தண்ணீரில் என்று சொல்வதே இல்லை.

நானும் அப்படித்தான் அனுப்பினேன். ஒன்றரை வயதுக் குழந்தை, காலையிலிருந்து ஏழெட்டு முறை தண்ணீராகப் போயிருந்தது. அந்த அம்மா வீட்டுக்குப் போய் முழு பாக்கெட்டையும் ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்கியிருக்கிறார். கெட்டியாக இருந்தால் சீக்கிரம் கேட்கும் என்று நினைத்தாராம், மருந்து என்றால் யாருக்குமே அப்படித்தானே தோன்றும்? மாலையில் திரும்பி வந்தபோது குழந்தைக்குத் தாகம் அடங்கவில்லை, தொட்டாலே வீறிட்டது, பேதியும் கூடியிருந்தது. எங்கள் மூத்த செவிலியர் என்னைத் திட்டவில்லை. "எத்தனை தண்ணீர்னு சொன்னியா?" என்று மட்டும் கேட்டார்.

பெரிய பாக்கெட்டில் 20.5 கிராம் இருக்கும், அது ஒரு லிட்டருக்கு. 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் உண்டு, அதனால் உறையைப் படிக்காமல் வாயைத் திறக்காதீர்கள். குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து உள்ளே போகும், தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகும், காலராவில்கூட இந்த வழி அடைபடுவதில்லை. கரைசல் கெட்டியானால் கதை தலைகீழ்: உடம்பின் தண்ணீர் குடலுக்குள் இழுபடும், ரத்தத்தில் சோடியம் ஏறும், வலிப்பு வரை போகலாம். ஜூஸிலோ பாலிலோ சோடாவிலோ கலந்தாலும் அளவு கெட்டுப்போகும்.

1971இல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலை வைத்துத்தான் காலராச் சாவுகளை 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே இறக்கினார். ஊட்டியது பெரும்பாலும் உறவினர்கள்தான், ஆனால் உப்பையும் சர்க்கரையையும் எடை போட்டுக் கட்டியது அவருடைய குழு. அளவை யாருடைய ஊகத்துக்கும் விடவில்லை.

இப்போதெல்லாம் நான் ஒரு லிட்டர் பாட்டிலைக் காட்டி, என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவர்களையே திருப்பிச் சொல்ல வைக்கிறேன். கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, அப்புறம் கரண்டி கரண்டியாக.

பேதியை நிறுத்தும் மாத்திரை

குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

துத்தநாக (ஜிங்க்) மாத்திரையை மறப்பது

ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10. பேதி நின்றாலும் 10 முதல் 14 நாள்.

நேற்றுக் குடித்த தண்ணீரைத் திட்டுவது

"நேத்து எங்கே தண்ணி குடிச்சீங்க?" என்று காமாலைக்காரரிடம் கேட்டு என்ன பயன்? காலரா சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் காட்டிவிடும். டைபாய்டுக்குப் பெரும்பாலும் ஓரிரு வாரம் ஆகும். காமாலையைக் கொண்டுவரும் வைரஸ்களில் ஹெபடைடிஸ் ஏ இரண்டிலிருந்து நான்கு வாரம் எடுக்கும், ஹெபடைடிஸ் ஈ பத்து வாரம்கூட இழுக்கும். போன மாதத்தைக் கேளுங்கள். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளாகத் தெரிந்தால் கேள்வியெல்லாம் பிறகு, உடனே ஆஸ்பத்திரி. கடைசி மூன்று மாதத்தில் ஹெபடைடிஸ் ஈ உயிரையே எடுக்கக்கூடியது.

காய்ச்சல் விட்டதும் மாத்திரையை விடுவது

டைபாய்டு திரும்பி வரும்.

"குளோரின் போட்டாச்சு"

போட்ட உடனே குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் விட வேண்டும். கலங்கிய தண்ணீர் என்றால் முதலில் தெளியவைத்து வடிகட்ட வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு அசையாது, ஆனால் ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் செத்துவிடும்.

ஓஆர்எஸ்ஸை நம்பி உட்கார்ந்திருப்பது

கண் குழிவிழுந்து, துவண்டு கிடந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் திரும்புகிறது என்றால் பாக்கெட்டோடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மலத்தில் ரத்தம் வந்தாலும் அப்படித்தான். விழுங்க முடிகிற குழந்தை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் ஊட்டிக்கொண்டே போகட்டும். அந்த பாட்டிலை மட்டும் நீங்களே கரைத்துக் கொடுங்கள்.